டிக்கெட் மூடிய பிறகு

"அவர் அப்படியே நின்றுவிட்டார்." மொரீஷியஸில் மென்பொருள் நிறுவனங்கள் குவிந்திருக்கும் எபென் பக்கம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. தால் பூரி வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? யாருக்குச் சம்பளம் ஏறியது, யார் கனடாவுக்குக் கிளம்புகிறார், யார் வருஷக்கணக்காக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கடைசி வகையினருக்குத் தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும். புதுசாக எதுவும் கற்றுக்கொள்வதில்லை, குழந்தை பிறந்ததும் ஆர்வம் போய்விட்டது, வயசாகிவிட்டது, இல்லையென்றால் சுத்த சோம்பேறி.

எனக்கு இந்தக் காரணங்கள் எதிலும் நம்பிக்கை இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு வருஷம் கூர்மையாகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாப் புதிய ஃபிரேம்வொர்க்கையும் (நிரல் எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்பு) வார இறுதியில் கரைத்துக் குடித்துவிட்டு, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் மூன்றாம் வருஷத்துப் பையனைப் போலவே திணறும் சுறுசுறுப்பானவர்களையும் பார்த்திருக்கிறேன். என் கணிப்பு இதுதான்: தான் செய்த வேலை கடைசியில் என்ன ஆனது என்ற செய்தி நிரல் எழுதும் ஒரு டெவலப்பருக்குத் திரும்பி வருவது எப்போது நிற்கிறதோ, அப்போது அவர் வளர்ச்சியும் நிற்கிறது. மொரீஷியஸில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது சுலபம். இங்கே அந்தச் செய்தி பாரிஸிலிருந்து திரும்பி வர ஏறக்குறைய ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடக்க வேண்டும்.

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ரோஸ் ஹில்லுக்குப் பக்கத்தில், கரும்பு நின்ற நிலத்தில், இந்திய அரசின் கடனுதவியோடு எழுந்ததுதான் எபென் சைபர்சிட்டி. 2002-ல் செயல்பாட்டுக்கு வந்த சேஃப் என்ற கடலடி கேபிள் தீவைத் தென்னாப்பிரிக்காவோடும் இந்தியாவோடும் இணைத்தது. அதற்குப் பிறகு கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக முளைத்தன. ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசும் ஊர், பாரிஸோடு ஐரோப்பியக் கோடையில் இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும்தான் வித்தியாசம். பிரெஞ்சு நிறுவனங்களுக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் மாடியில் மதுரை, கோவைப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே வாழும் மொரீஷியஸ் தமிழர்களும் இருக்கிறார்கள். வேலை உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலிலும் பிரெஞ்சிலும் ஓடும். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. பாரிஸுக்குக் கிடையாது என்பதால், அன்று யார் போனை எடுப்பது என்பது வருஷா வருஷம் வரும் சின்னச் சண்டை.

சரி, வேலை எப்படி வருகிறது? டிக்கெட்டாக, அதாவது "இதைச் செய்" என்று கணினியில் பதிவாகும் சின்ன வேலைச் சீட்டாக வருகிறது. பாரிஸில் ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசுகிறார், இன்னொருவர் அதை வடிவமைக்கிறார், மூன்றாமவர் துண்டு துண்டாக நறுக்கி நமக்கு அனுப்புகிறார். நாம் முடிக்கிறோம், அங்கே ஒருவர் சோதிக்கிறார், "கொரெக்" (சரி) என்று இங்கே ஒருவர் கிரியோலில் சொல்கிறார், டிக்கெட் மூடுகிறது. அந்தத் துண்டு நிஜமான மனிதர்கள் கையில் என்ன பாடு பட்டது என்பது நம் காதுக்கு எட்டாது. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இது இன்னும் இறுகியது. வாடிக்கையாளர் விவரம் ஐரோப்பாவை விட்டு வெளியே போகக் கூடாது என்ற பயத்தில், பல கிளையண்ட்டுகள் நமக்குப் புரொடக்ஷன் பக்கத்தையே, அதாவது நிஜ மனிதர்கள் பயன்படுத்தும் அமைப்பையே, காட்டுவதில்லை. சட்டம் அப்படி ஒட்டுமொத்தமாகத் தடுக்கவில்லை. பெயர், மின்னஞ்சல் என்று ஆளை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு லாக் (எப்போது என்ன நடந்தது என்று நிரல் எழுதி வைக்கும் குறிப்பு) அனுப்பலாம். ஆனால் அந்த வேலையை யார் செய்வது? கதவைச் சாத்திவிடுவது சுலபம்.

ஒரு டிக்கெட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிரான்ஸில் பல ஊர்களில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒரு கிளையண்ட். தினமும் அதிகாலை 2:30-க்கு ஒரு நிரல் ஓடும். முந்தைய நாள் தேதியில் பதிவான முன்பதிவுகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ரசீது அனுப்பும். ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் ஒரு டிக்கெட் வரும்: "சில வாடிக்கையாளர்களுக்கு ரசீது இரண்டு முறை போயிருக்கிறது, இரட்டைப் பதிவுகளை நீக்கவும்." அதைச் செய்துகொண்டிருந்தவர் அனுபவசாலி. நீக்குவதற்கென்றே எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதி வைத்திருந்தார். வருஷா வருஷம் அது இன்னும் சீக்கிரமாக வேலையை முடித்தது. டிக்கெட் திறந்து அரை மணி நேரத்தில் மூடிவிடுவார். பாரிஸிலிருந்து பாராட்டுகூட வந்தது.

இன்னொரு பெண், அப்போது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர், அந்த அனுபவசாலி லீவில் போனபோது இதை எடுத்தார். நீக்குவதற்கு முன்னால் லாக்கைக் கேட்டு வாங்கினார். நிரல் இரண்டு முறை ஓடியிருந்தது. லாக்கில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்ததால் 00:30, 01:30 என்று இரண்டு வரிகள். ஒரு மணி நேர இடைவெளி ஏன்? அப்புறம் பழைய டிக்கெட்டுகளைத் தேடியபோது மார்ச் கடைசியில் வேறு மாதிரி ஒன்று கிடைத்தது: "சில வாடிக்கையாளர்களுக்கு ரசீது போகவில்லை, மறுபடி அனுப்பவும்." இரண்டும் வேறு வேறு ஆட்கள் கையாண்டவை, வேறு வேறு தலைப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அவர்தான்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் கடிகாரத்தை 2 மணிக்குத் திருப்பி வைக்கிறார்கள். அன்று 2:30 இரண்டு முறை வரும். மார்ச் கடைசி ஞாயிறு 2 மணியிலிருந்து நேராக 3-க்குத் தாவுவார்கள். அன்று 2:30 என்ற நேரமே கிடையாது. கிளையண்ட் தாங்களே எழுதிய ஷெட்யூலர் (நிரலைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கருவி) பாரிஸ் உள்ளூர் நேரத்தை அப்படியே நம்பியது. அதனால் ஒரு நாள் இரண்டு முறை ஓடியது, இன்னொரு நாள் ஓடவே இல்லை. மொரீஷியஸில் இருப்பவருக்கு இது உறைக்காது, ஏனென்றால் நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. (2008 கடைசியில் இங்கேயும் ஒரு கோடைக்கு நகர்த்திப் பார்த்தார்கள். 2009 மார்ச்சோடு அந்த ஆசை தீர்ந்தது.) அந்தப் பெண் இரண்டு மாற்றங்கள் செய்தார். ஷெட்யூலரைக் கடிகாரம் நகராத யூடிசிக்கு மாற்றினார். அதைவிட முக்கியமாக, ஒரு முன்பதிவு எண்ணுக்கு ரசீது போய்விட்டதா என்று பார்த்த பிறகே அனுப்பும்படி செய்தார். எத்தனை முறை ஓடினாலும் ஒரு ரசீதுதான்.

நான் சொல்ல வருவது அவர் கெட்டிக்காரர் என்பதல்ல. ஸ்கிரிப்ட் எழுதியவரும் கெட்டிக்காரர்தான். எஸ்க்யூஎல்லில் அவர் அந்தப் பெண்ணைவிடப் பல படி மேல். ஆனால் அவர் பார்த்த உலகத்தில் டிக்கெட் மூடியதே விளைவு. அது ஒவ்வொரு வருஷமும் வெற்றிகரமாக மூடியது, ஆகவே தான் சரியாகச் செய்கிறோம் என்று ஒவ்வொரு வருஷமும் கற்றுக்கொண்டார். அடுத்த திட்டத்தில் இதே மாதிரி ஒரு ஷெட்யூலரை அவரே வடிவமைக்க நேர்ந்தால் உள்ளூர் நேரத்தைத்தான் போடுவார். அந்தப் பெண் போட மாட்டார். பணி அனுபவச் சான்றிதழில் இந்த வித்தியாசம் வராது.

இதை உளவியல்காரர்கள் முன்பே பேசியிருக்கிறார்கள். டேனியல் கானமன் நிபுணர்களின் உள்ளுணர்வைச் சந்தேகத்தோடு பார்த்தவர். கேரி கிளைன் தீயணைப்புத் தளபதிகளோடு பழகி, அதே உள்ளுணர்வை வியந்தவர். எதிரெதிர் முகாம். 2009-ல் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அனுபவசாலியின் உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ள வாய்ப்பு இருக்க வேண்டும், அதாவது செய்ததற்கான பதில் போதிய வேகத்தில் தெளிவாகத் திரும்பி வர வேண்டும். கானமன் வேறோரிடத்தில் சொல்லும் உதாரணம் இன்னும் பச்சையானது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குத் தான் செய்தது சரியா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எக்ஸ்ரே படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டருக்கு, தான் கவனிக்காமல் விட்டது எது என்று பெரும்பாலும் யாரும் வந்து சொல்வதில்லை. எபென் கட்டடங்களில் நிறைய பேர் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம்.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் யார் நின்றவர், யார் வளர்ந்தவர் என்பது தலைகீழாகத் தெரியும்.

எங்கள் மாடியில் ஒருவர் இருக்கிறார். கத்ர் போர்ன்காரர், மொரீஷியஸ் தமிழர், பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை விடாமல் வைத்திருப்பவர். என்னை "தம்பி" என்பார், நான் "அண்ணே" என்பேன். அவர் எழுதுவது விண்டெவ். மோன்பெலியேவில் இருக்கும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் நிரல் எழுதும் கருவி, பிரான்ஸுக்கு வெளியே பேர் கேட்டவர்கள் குறைவு. அதில் நிபந்தனை வரிகளையே பிரெஞ்சில் எழுதலாம்: இஃப் என்பதற்குப் பதில் "சி", எல்ஸ் என்பதற்குப் பதில் "சினோ". கோவையிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் தடவை அவர் திரையைப் பார்த்துவிட்டு ஓரக்கண்ணால் சிரிப்பார்கள். வரிசையில் நின்று "அவர் நின்றுவிட்டார்" என்று சொல்லப்படும் ஆட்களில் முதல் பெயர் அவருடையதுதான்.

அவருடைய கிளையண்ட் ஒரு காப்பீட்டுத் தரகு அலுவலகம். ஒரு தடவை அங்கே நேரில் போனபோது, கவுண்ட்டரில் இருந்த பெண் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டை வைத்து அதில் பாலிசி எண்ணைக் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போனால் எண் அழிந்துபோகும். வருஷக்கணக்காக அப்படி. யாரும் புகார் செய்யவில்லை, ஏனென்றால் கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அண்ணன் ஊர் திரும்பி அதை ஓரிரு வரிகளில் சரிசெய்தார். அதிலிருந்து எந்தக் கோரிக்கை வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதை யார், எந்த நேரத்தில் தட்டுவார்கள்?" கிளையண்ட் பக்கத்து ஆட்கள் அவருக்கு நேராகப் போன் செய்கிறார்கள். ஒரு கோரிக்கையைப் பார்த்து "இது உங்களுக்கு வேண்டாம், கணக்கு முடிக்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்" என்று சொல்லக்கூடிய ஆள் எங்கள் மாடியில் அவர் ஒருவர்தான். அவர் சொன்னால் கேட்கிறார்கள்.

எதிர்ப் பக்கம் இன்னொருவர். இணையத் திரைகள் கட்டும் ஃபிரேம்வொர்க்குகளில் ஆங்குலர்ஜேஎஸ் வந்தபோது அதில், ரியாக்ட் வந்தபோது அதில், நடுவில் கொஞ்சம் வியூ. பேச்சு பிரமாதம். ஆனால் ஒவ்வொரு திட்டத்திலும் முதல் வெளியீட்டோடு கைகுலுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். நிறுவனமும் அவரை அப்படித்தான் பயன்படுத்தியது. ஆங்குலர்ஜேஎஸ்-க்கான ஆதரவை கூகுள் 2021 கடைசியில் நிறுத்திக்கொண்டது. அவர் அதில் எழுதிய திரைகள் எங்கோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், யாரோ அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். அவருக்குத் தெரியாது. நேர்முகத் தேர்வில் அவரிடம் "நீங்கள் எடுத்த எந்த முடிவு பின்னால் தொந்தரவு கொடுத்தது?" என்று கேட்டால் பதில் வராது. மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. அவரிடம் அந்தத் தகவல் இல்லை.

ஆகவே "புதுசு கற்றுக்கொள்" என்ற அறிவுரை பாதிதான் உண்மை. கருவியைக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு வகுப்புகள் உண்டு. இங்கே மனிதவள மேம்பாட்டுக் கவுன்சில் இருக்கிறது. நிறுவனங்களிடம் பயிற்சி வரி வாங்கி, பயிற்சி நடத்தினால் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. நல்ல ஏற்பாடு. அதனால் எங்கள் மேனேஜர்களுக்கு "என் டீம் தேங்குகிறது" என்றால் உடனே ஞாபகத்துக்கு வருவது ஒரு மூன்று நாள் வகுப்பும் ஒரு சான்றிதழும். ஆறு மாதம் முன்னால் வெளியிட்டதை எடுத்து வைத்து, அது என்ன ஆனது என்று ஒரு மதியம் முழுக்கப் பேசுவதற்கு எந்தத் தலைப்பின் கீழும் பணம் இல்லை. கிளையண்ட்டுக்கு ஆள்-நாள் கணக்கில் பில் போடும் தொழில் இது. திரும்பிப் பார்க்கும் மதியத்தை யார் பில்லில் எழுதுவது? தனிமனிதர்களின் சோம்பல் என்று நாம் பழிபோடுவதில் பெரும்பங்கு இந்தப் பில் முறையின் வேலை. இதில் எனக்குக் கோபமே உண்டு.

பீட்டர் நவுர் என்ற டென்மார்க் கணினி அறிஞர் 1985-லேயே இந்த இடத்தைத் தொட்டார். நிரல் எழுதுவது என்பது வரிகளை உற்பத்தி செய்வதல்ல என்பது அவர் வாதம். பிரச்சினையும் நிரலும் எப்படிப் பொருந்துகின்றன, ஏன் இப்படிச் செய்தோம், நாளை மாற்றம் வந்தால் எங்கே கை வைப்பது என்ற புரிதல் எழுதுபவர்களின் தலைக்குள் கட்டப்படுகிறது. ஆவணங்களைப் படித்து மட்டும் அதை முழுசாக மீட்டெடுக்க முடியாது. எபெனிலிருந்து இதைப் படித்தால் சுருக்கென்று குத்தும். நம் டிக்கெட் முறை வரிகளை இங்கேயும் புரிதலை அங்கேயும் பிரித்து வைக்கிறது. பாரிஸில் இருக்கும் அந்த வடிவமைப்பாளர் வருஷா வருஷம் வளர்கிறார், நம் கை வேகத்தின் உபயத்தில்.

இப்போது இதில் ஏஐ வேறு. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எங்கள் மாடியில் தட்டச்சுச் சத்தமே குறைந்திருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன், ஒழிக என்று கோஷம் போடப் போவதில்லை. ஆனால் 2025-ல் மெட்டர் என்ற ஆய்வுக் குழு வெளியிட்ட ஒரு சோதனை இங்கே பொருந்தும். பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்ட 16 டெவலப்பர்கள், 246 வேலைகள். சிலவற்றுக்கு ஏஐ அனுமதி, சிலவற்றுக்கு இல்லை. அனுமதி இருந்த வேலைகள் 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தன. அதைவிட எனக்குச் சுவாரஸ்யமானது வேறு: எல்லாம் முடிந்த பிறகும் அவர்கள் ஏஐ தங்களை 20 சதவீதம் வேகப்படுத்தியதாகவே நம்பினார்கள். அப்போதைய கருவிகள், அந்த வகைத் திட்டங்கள், எண்ணிக்கை சின்னது, எல்லாம் சரி. ஆனாலும் தன் வேலையின் வேகத்தையே தன் உள்ளுணர்வு தப்பாகச் சொன்னால், தன் முடிவுகளின் தரத்தை அது எப்படிச் சொல்லும்? அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஏஐ எழுதிய நூறு வரியை அனுப்பிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போகிறவர் நிலைமை அக்டோபர் ஸ்கிரிப்ட்காரரின் நிலைமைதான், வேகம் மட்டும் பத்து மடங்கு.

வேலை மாறுவதைப் பற்றியும் கேட்பீர்கள். சுமார் 12.5 லட்சம் பேர் வாழும் தீவு இது. டெவலப்பர் கூட்டம் சின்னது, கம்பெனிகள் ஒருவர் ஆளை ஒருவர் இழுத்துக்கொள்வது வாடிக்கை. ஒவ்வொரு தாவலிலும் சம்பளமும் பதவிப் பெயரும் ஏறும். ஏறட்டும், வீட்டுக் கடன் யாருக்கு இல்லை? ஒன்றைக் கட்டி, அது உடைந்து, அதைச் சரிசெய்து, மறுபடி அது நிற்கிறதா என்று பார்க்கும்வரை ஒரு தடவையாவது ஓர் இடத்தில் இருந்திருந்தால் அதற்குப் பிறகு எத்தனை தடவை தாவினாலும் கெடுதல் இல்லை. ஒரு தடவைகூட அதைப் பார்க்காமல் சீனியர், லீட், ஆர்க்கிடெக்ட் என்று ஏறியவர்கள் நாற்பது வயதில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது முடிவுகள். முடிவெடுக்கத் தேவையான ஞாபகங்கள் அவர்களிடம் சேரவில்லை.

என் டீமில் சில காரியங்களைப் பிடிவாதமாகச் செய்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒரு பழைய டிக்கெட்டைத் திறந்து, மூடிய பிறகு என்ன ஆனது என்று பாரிஸிடம் கேட்கிறோம். முதலில் அங்கே எரிச்சல்பட்டார்கள், இப்போது பழகிவிட்டது. பெயர் மறைத்த லாக்கைப் போராடி வாங்கினோம். பெரிய வேலையைத் தொடங்குமுன், இது எவ்வளவு நாள் ஆகும், எங்கே உடையும் என்று ஆளாளுக்கு ஒரு வரி எழுதி வைக்கிறோம். முடிந்ததும் எடுத்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். அந்தச் சிரிப்புக்காகவே இளசுகள் ஒழுங்காக எழுதுகிறார்கள். நான் லீட் என்பதால் இதெல்லாம் முடிகிறது. தனியாக இருப்பவருக்கு இவ்வளவு வசதி இல்லை என்பதும் தெரியும்.

ரெதுயியில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வரும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரத் துடிக்கும் தம்பிகள், "அண்ணே, இந்த கம்பெனியில் சேரலாமா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். சம்பளத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை, அது அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. நேர்முகத் தேர்வின் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்பார்கள் இல்லையா, அங்கே இரண்டைக் கேட்கச் சொல்கிறேன். ராத்திரி சிஸ்டம் விழுந்தால் போன் யாருக்கு வரும்? போன வருஷம் நீங்கள் வெளியிட்டதில் எதைத் திரும்பப் பெற்றீர்கள், ஏன்? முதல் கேள்விக்கு "அதெல்லாம் பாரிஸ் பார்த்துக்கொள்ளும், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்று பெருமையாகச் சொல்லும் இடங்கள் இங்கே நிறைய. இரண்டாவதற்கு எதிரில் இருப்பவர் ஒரு நிஜமான சம்பவத்தைச் சொல்லத் தொடங்கி, பக்கத்தில் இருப்பவர் அதைத் திருத்தி, இருவரும் உங்களை மறந்து விவாதிக்க ஆரம்பித்தால், இரண்டாயிரம் மூவாயிரம் மொரீஷியஸ் ரூபாய் குறைந்தாலும் அங்கே சேரலாம்.